குடி ரத்தத்தில் வருகிறதா, வீட்டில் வருகிறதா? கென்னத் கெண்ட்லரின் ஆய்வுகள்

வைகைக்கரை

வரன் பேசும் இடத்தில், "அப்பன் குடிகாரன், பிள்ளை மட்டும் எப்படி இருப்பான்?" என்று ஒருவர் கிளப்புவார். அதே கூடத்தில் இன்னொருவர், "ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார். சில சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆளாக இருக்கும். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் லட்சக்கணக்கான ஆட்களின் தகவல்களை வைத்து உரசிப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த இழை.

கென்னத் கெண்ட்லர், அமெரிக்க மனநல மருத்துவர். வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில் உள்ள வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, மனநோயும் போதைப் பழக்கமும் குடும்பங்களில் எப்படி இறங்குகின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாகத் துருவி வருகிறார். ஆரம்பகாலப் பெரிய வேலை வர்ஜீனியா இரட்டையர் ஆய்வு. அதன் தர்க்கம் எளிது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு கருவில் பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரி, சராசரியாகப் பாதி. ஒருவர் குடிநோயில் விழுந்தால் மற்றவரும் விழுவது முதல் வகையில் எவ்வளவு, இரண்டாவது வகையில் எவ்வளவு என்று ஒப்பிட்டால் மரபின் பங்கு தெரியும். பல இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி அவரும் சகாக்களும் கண்டது: மனச்சோர்வு நோயில் மரபின் பங்கு சுமார் 37 சதவீதம் (2000ல் வந்த கட்டுரை), குடிநோயில் ஏறக்குறைய பாதி (2015).

ஆனால் இரட்டையர் ஒரே வீட்டில், ஒரே அப்பாவின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால்தான் அவர் சுவீடனுக்குப் போனார். லுண்ட் பல்கலைக்கழகத்தின் சுண்ட்குவிஸ்ட் தம்பதியுடன் சேர்ந்து தத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். பெற்றது ஒரு குடும்பம், வளர்த்தது ஒரு குடும்பம். 1950க்கும் 1993க்கும் இடையில் பிறந்த 18,115 தத்துப் பிள்ளைகள். 2012ல் முடிவு வந்தது. பெற்றவர்களில் ஒருவருக்காவது போதைப்பொருள் பழக்கம் இருந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்கு அதே பிரச்சினை வந்தது. அப்படி இல்லாத பிள்ளைகளில் 4.2 சதவீதம். இவர்களை அந்தப் பெற்றோர் வளர்க்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, "பார்த்தாயா, ரத்தம்தான்" என்று இங்கேயே எழுந்து போகிறவர்கள் போகலாம். நான் திரும்பத் திரும்பப் படித்தது இன்னொரு பாதியை. வளர்த்த வீட்டில் சாவு, விவாகரத்து, வளர்த்தவர்களின் குடி, வழக்கு என்று குழப்பங்கள் இருந்தால் அபாயம் தனியாகக் கூடியது. ரத்த உறவே இல்லாமல் கூடவே வளர்ந்த அண்ணனுக்குப் பழக்கம் இருந்தாலும் கூடியது. பிறப்பிலேயே அபாயம் அதிகமாக உள்ள பிள்ளைகளை, குழப்பமான வீடு மற்றவர்களைவிட அதிகமாகப் பாதித்தது. மரபையும் வீட்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால் போதாது, ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது.

கதிர்_ஓசூர்

நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம். குடிநோயில் மரபின் பங்கு பாதி என்றால், என் அப்பா குடித்தால் எனக்கு ஐம்பது சதவீதம் வாய்ப்பு என்று அர்த்தமா? வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது.

நிலாமுகில்

இல்லை. மேலே வைகைக்கரை கொடுத்த எண்ணையே பாருங்கள். பெற்றவருக்குப் பழக்கம் இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் பதிவேட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. அந்த "பாதி" என்பது ஒரு ஊரில், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வருகிறது என்ற கணக்கு. தனி ஆளின் ஜாதகம் கிடையாது.

அந்த எண் கல்லில் பொறித்ததும் இல்லை. கெண்ட்லரின் ஒரு பழைய கட்டுரை, 2000ல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. சுவீடன் இரட்டையரில் புகைப் பழக்கத்தைப் பார்த்தார்கள். ஆண்களிடம் மரபின் பங்கு சுமார் 60 சதவீதம். பெண்களிடம்தான் விஷயமே. 1925க்கு முன் பிறந்த பெண்களிடம் மரபின் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யம். 1940க்குப் பிறகு பிறந்த பெண்களிடம் ஆண்களுக்குச் சமம். நடுவில் மரபணு மாறவில்லை. பெண் புகைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் குறைந்தது. யாருமே புகைக்க முடியாத இடத்தில் யாருக்கு நாட்டம் என்று எப்படித் தெரியும்?

இதை நம் ஊர்ப் பெண்களுக்குப் பொருத்திப் பாருங்கள். "பொம்பளைங்க ரத்தத்துல அது கிடையாது" என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, வாய்ப்புதான் இல்லாமல் இருந்தது.

(அறிமுகம்: மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். இங்கே யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன், உள்பெட்டியில் கேட்காதீர்கள்.)

ஸ்டாக்ஹோம்தீபன்

இங்கே கனகாலமாக இருக்கிறவன் என்ற முறையில் சுவீடன் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இப்படியான ஆய்வு வேறு நாடுகளில் ஏன் சுலபமில்லை என்றால், இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் தனி அடையாள எண் உண்டு. 1947ல் கொண்டுவந்தார்கள். மருத்துவமனை, மருந்துக்கடை, நீதிமன்றம், கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகும். ஆய்வாளர் கைக்குப் போகும்போது அடையாளத்தை மறைத்து வேறு குறியீடு போட்டுத்தான் கொடுப்பார்கள். 1932க்குப் பிறகு பிறந்த ஆளின் தாய் தகப்பன் யார் என்று காட்டுகிற தலைமுறைப் பதிவேடும் இருக்கிறது. யாரையும் கூப்பிட்டு "உங்கள் அப்பா குடிப்பாரா" என்று கேட்கத் தேவையில்லை. கேட்டால் உண்மை வரவும் வராது.

இரண்டு விஷயம் கவனிக்க வேணும். ஒன்று, தத்துக் கொடுக்குமுன் வளர்க்கப்போகிற குடும்பத்தை அதிகாரிகள் நன்றாக விசாரிப்பார்கள். ஆகவே அந்த 18 ஆயிரம் பேரும் வளர்ந்தது பெரும்பாலும் சுமாரான, நல்ல வீடுகள். மோசமான வீடு என்ன செய்யும் என்பதை இந்த ஆய்வு முழுதாகக் கண்டிராது. மற்றது, பதிவேட்டில் வருகிறவன் ஆஸ்பத்திரிக்கோ பொலிஸுக்கோ அகப்பட்டவன். வீட்டுக்குள்ளே சத்தமில்லாமல் குடிக்கிறவன் அதில் இல்லை.

சாராயக் கடை இங்கேயும் அரசாங்கத்தின் கைதான். சிஸ்டம்பொலாகெட் என்று பெயர். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். சனி இரண்டரைக்கு அந்த வாசலில் நிற்கிற சனத்தைப் பார்க்க வேணும், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி.

பழையபேப்பர்

அரசாங்கமே கடை நடத்துகிறது, அரசாங்கமே பதிவேடு வைத்திருக்கிறது, கடைசியில் குற்றம் மரபணு மேல். ரொம்ப வசதி! டாஸ்மாக் 2003லிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை வந்த பிறகு குடித்தவனின் தாத்தாவைத் தோண்டுவதில் என்ன நியாயம்?

இதற்குப் பின்னால் ஒரு பயங்கரமான வரலாறும் இருக்கிறது. இதே சுவீடனில் 1934லிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை கருத்தடைச் சட்டம் இருந்தது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்தார்கள், அதில் பெரும்பாலோர் பெண்கள். "மனவளம் குன்றியவர்", "ஒழுக்கமற்றவர்" என்றெல்லாம் முத்திரை குத்தி, பலரை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். உப்சாலாவில் 1922லேயே அரசு செலவில் இன உயிரியல் நிறுவனம் வைத்திருந்தார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 1871ன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ன சொன்னது? குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்றது. மதுரைப் பக்கத்தில் ஒரு சமூகத்தின் ஆண்களையே கைரேகை வைக்க வரச் சொன்னார்கள். 1920ல் பெருங்காமநல்லூரில் மறுத்தவர்களைச் சுட்டார்கள். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது.

வைகைக்கரை

பழையபேப்பர், வரலாறு அத்தனையும் சரி. மதுரைக்காரனான எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சாதி முழுவதையும் ஒரே ரத்தமாகப் பார்த்தது. கெண்ட்லரின் ஆய்வில் சாதியோ இனமோ அலகே கிடையாது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. அந்தச் சட்டத்தை எழுதியவன் இந்த எண்களைப் படித்திருந்தால் அவன் வாதமே படுத்திருக்கும்.

கடை பற்றிச் சொன்னதில் உங்கள் பக்கம்தான் நான். நிலாமுகில் சொன்ன புகைப் பழக்க ஆய்வே அதைத்தான் காட்டுகிறது. கையெட்டும் தூரத்தில் சரக்கு இருந்தால்தான் நாட்டம் உள்ளவன் விழுவான். மரபு உண்டு என்று சொல்வது கடையை மூடு என்பதற்கான வாதமே தவிர, திறந்து வை என்பதற்கானது இல்லை.

அன்னக்கிளி

நீங்கள் எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கால்கட்டு விஷயம்தான் தெரிய வேண்டும். என் அண்ணனுக்கு அப்படித்தான் செய்தார்கள். அப்பாவும் குடிதான். அண்ணன் இருபத்து நாலு வயதிலேயே காலையில் கை நடுங்கும் நிலையில் இருந்தான். காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பெண் வீட்டார் வரும் நாளில் மட்டும் அம்மா பித்தளை டம்ளருக்குப் பதில் எவர்சில்வர் சொம்பில் பாதி ஊற்றிக் கொடுத்தார், சிந்தாமல் இருக்க. கல்யாணம் நடந்தது. அண்ணி பட்டது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அந்த ஆய்வில் கல்யாணம் பற்றி நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

வைகைக்கரை

இருக்கிறது அக்கா. ஆனால் அதை நம் ஊரில் பாதி படித்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

2016ல் வந்த ஆய்வு. 1960க்கும் 1990க்கும் இடையில் பிறந்த, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன்காரர்கள். முதல் கல்யாணத்துக்குப் பிறகு, குடிநோய் புதிதாகத் தொடங்கும் அபாயம் ஆண்களில் 59 சதவீதமும் பெண்களில் 73 சதவீதமும் குறைந்தது. "ஒழுங்கான ஆளுக்குத்தானே கல்யாணம் ஆகும், அதனால் அப்படித் தெரியும்" என்று யாரும் கேட்பார்கள். அதற்காக, கல்யாணமான ஒருவரையும் ஆகாத அவருடைய சொந்த அண்ணன் தம்பியையும், ஒன்றுவிட்ட உறவையும், ஒருகரு இரட்டையரையும் ஒப்பிட்டார்கள். அப்போதும் பலன் நின்றது. குடும்பத்தில் குடி இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

இப்போது மறுபாதி. "புதிதாகத் தொடங்கும்" என்ற சொல்லைப் பாருங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் கல்யாணத்தின்போது குடிநோயில் இல்லாதவர்கள். ஏற்கெனவே கை நடுங்குகிறவனுக்குத் தாலி மருந்து என்று அதில் ஒரு வரி கிடையாது. இரண்டாவது, கட்டிக்கொண்டவருக்குக் குடிநோய் இருந்தால் கணக்கு தலைகீழ். அப்போது கல்யாணம் அபாயத்தைக் கூட்டுகிறது. அதாவது உங்கள் அண்ணி மாதிரி ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குள் தள்ளியதில் அபாயம் அந்தப் பெண்ணுக்குத்தான் வந்தது. ஆய்வு உங்கள் பெரியவர்கள் பக்கம் இல்லை.

அன்னக்கிளி

இதை அப்படியே பிரிண்ட் எடுத்து எங்கள் பெரியப்பாவுக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார், பிறகு "வெள்ளைக்காரன் கணக்கு நமக்கு எதுக்கு" என்பார்.

கதிர்_ஓசூர்

அப்புறம் ஒன்று. ரத்தத்தில் இருந்து எடுத்து "இவருக்குக் குடிக்கும் மரபணு இருக்கிறது" என்று சொல்லும் பரிசோதனை ஏதாவது உண்டா? ஆன்லைனில் எச்சிலைத் துப்பி அனுப்பச் சொல்கிறார்களே.

நிலாமுகில்

"குடிக்கும் மரபணு" என்று ஒன்று இல்லை. இதையும் கெண்ட்லரே 2005ல் ஒரு கட்டுரையாக எழுதினார். மனநோய்க்கு "இன்ன நோய்க்கான மரபணு" என்று பேசுவதே பொருந்தாது, ஒவ்வொன்றின் தாக்கமும் அவ்வளவு சின்னது, வழியும் அவ்வளவு சுற்று என்று. இதில் ஒரு வேடிக்கை: அதற்கு மூன்று வருடம் முன்னால் அவருடைய குழுவே அயர்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து, டிஸ்பின்டின் என்ற மரபணுவை மனச்சிதைவுடன் (ஸ்கிசோஃப்ரினியா) இணைத்துப் பெரிய பேச்சாகியிருந்தது. பிறகு வந்த, முழு மரபணுத் தொகுதியையும் அலசும் பெரிய ஆய்வுகளில் டிஸ்பின்டின் நிற்கவில்லை. மனச்சிதைவுக்கு 2022ல் வந்த பட்டியலில் மரபணுத் தொகுதியின் 287 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துளித்துளி.

குடியிலும் அதே கதை. 1990ல் டி.ஆர்.டி.2 என்ற டோபமைன் ஏற்பி மரபணுவைக் "குடி மரபணு" என்று பத்திரிகைகள் கொண்டாடின. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவுக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, லட்சக்கணக்கானோரை வைத்துச் செய்த ஆய்வுகளில் அதே பகுதி மறுபடி தலைகாட்டியது, ஆனால் பல இடங்களில் ஒரு சின்ன இடமாக.

பரிசோதனை பற்றி: 2023 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அவெர்ட்-டி என்ற ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்துக்கு அடிமையாகும் அபாயத்தை 15 மரபணு இடங்களை வைத்துச் சொல்லுமாம். எஃப்.டி.ஏவின் சொந்த ஆலோசனைக் குழுவே முன்பு பெருவாரியாக எதிர்த்து வாக்களித்திருந்தது. பிறகு பல மரபியலாளர்கள் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதமும் எழுதினார்கள். இந்த மாதிரி மரபணுப் பட்டியல்கள் அபாயத்தைக் காட்டுவதாக நினைத்து, ஆளின் பூர்வீகம் எந்தக் கண்டம் என்பதையே காட்டிவிடும் என்பது முக்கியமான ஆட்சேபம். எச்சில் துப்பும் காசுக்கு நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள்.

பழையபேப்பர்

வெள்ளைக்காரர்களின் ரத்தத்தில் எடுத்த கணக்கு நமக்குப் பொருந்துமா என்பதை அன்னக்கிளியின் பெரியப்பா கேட்டால் கிண்டல், பேராசிரியர் கேட்டால் ஆராய்ச்சி. அந்தப் பெரியப்பா சொன்னதில் பாயிண்ட் இருக்கிறது.

நிலாமுகில்

இருக்கிறது. இந்தத் துறையின் பெரிய குறையே அதுதான், தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி. கெண்ட்லரும் அதைத் தாண்ட முயன்றவர். மரபியலாளர் ஜோனதன் ஃப்ளின்டுடன் சேர்ந்து சீனப் பெண்களில் கடுமையான மனச்சோர்வை ஆராய்ந்தார், 2015ல் 'நேச்சர்' இதழில் இரண்டு மரபணு இடங்கள் வெளிவந்தன. அதற்கு முன் மனச்சோர்வில் உறுதியாக எதுவும் பிடிபடவில்லை.

நம் ஊரிலும் வேலை நடக்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும், அதன் மனநல மருத்துவர் தாரா அவர்களும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பிரயன் மௌரி குழுவும் சேர்ந்து மனச்சிதைவில் ஒரு இந்திய ஆய்வு செய்தார்கள். 2019ல் வெளிவந்தது. நியாசின், அதாவது வைட்டமின் பி3, உடலில் கையாளப்படும் பாதையோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் காட்டியது.

கதிர்_ஓசூர்

அப்போ பி3 மாத்திரை போட்டால்?

நெறியாளர்

மாத்திரை, அளவு பற்றிய பதிவுகள் இங்கே வேண்டாம். நிலாமுகில் விரும்பினால் ஒரு வரியில் பதில் சொல்லலாம். நோயாளிகளின் பெயர், ஊர் போட்ட இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். உடனடியாக உதவி தேவைப்படுபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

நிலாமுகில்

ஒரு வரி: அந்த ஆய்வு மாத்திரை கொடுத்துப் பார்க்கவே இல்லை.

அன்னக்கிளி

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அண்ணன் மகனுக்குப் பதினாறு. நன்றாகப் படிக்கிறான். போன பொங்கலுக்கு நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு வந்தான். அண்ணி அழுத அழுகை சொல்ல முடியாது. "அப்பன் மாதிரியே ஆரம்பித்துவிட்டான்" என்று. அவனோ, "மத்தவன் எல்லாம் வாந்தி எடுத்தானுங்க அத்தை, எனக்கு ஒண்ணுமே ஆகலை, நான் ஸ்டெடி" என்கிறான், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி.

நிலாமுகில்

அக்கா, பீர் குடித்ததைவிட, அவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களையும் மற்ற இளைஞர்களையும் அழைத்து ஒரே அளவு மது கொடுத்துப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில் பலருக்குப் போதை குறைவாக ஏறியது, தள்ளாட்டமும் குறைவு. ஏறக்குறைய பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படிக் குறைவாக ஏறியவர்களிடம்தான் குடிநோய் அதிகம். 1994ல் வெளியிட்டார். உடம்பு "போதும்" என்று சொல்வது அவர்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது, அதனால் அதிகம் குடிக்கிறார்கள். ஸ்டெடியாக இருப்பது பெருமை இல்லை என்பதை அவனிடம் நேராகவே சொல்லலாம். பதினாறு வயதுப் பையனுக்கு இது புரியும், அழுவதைவிட நன்றாகவே புரியும்.

சீக்கிரம் ஆரம்பித்ததாலேயே விதி முடிந்துவிட்டது என்றும் இல்லை. இளவயதில் குடித்தவர்களிடம் பின்னால் குடிநோய் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆய்வாளர் பிரெஸ்காட்டும் கெண்ட்லரும் 1999ல் இரட்டையரை வைத்துப் பார்த்தபோது, முதல் மிடறு காரணமாக இருப்பதைவிட, இரண்டுக்கும் பின்னால் உள்ள குடும்பக் காரணங்களே பெரும்பங்கு என்று தெரிந்தது. அது ஒரு அறிகுறி, தீர்ப்பு கிடையாது. அவனை வேண்டாம் என்று தடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. "அப்பன் மாதிரியே" என்பதை நிறுத்தச் சொல்கிறேன்.

அன்னக்கிளி

அண்ணி இப்போது அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாமா என்று கேட்கிறாள். அண்ணனை விட்டுவிட்டு வந்தால் பையனுக்கு நல்லதா, கெட்டதா? விவாகரத்தும் அபாயம் என்று மேலே போட்டிருக்கிறீர்களே.

வைகைக்கரை

இந்தக் கேள்விக்கு ஓரளவு பக்கத்தில் வரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2015ல் கெண்ட்லரும் சுண்ட்குவிஸ்ட் தம்பதியும் செய்தது. அம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகள், பெற்ற அப்பா கூட வாழவே இல்லை, பிறகு வந்த வளர்ப்பு அப்பா வீட்டில் இருந்தார். ஒரே பிள்ளைக்கு மூன்று பெற்றோர். அம்மா ரத்தமும் கொடுத்தார், வளர்க்கவும் செய்தார். பெற்ற அப்பா ரத்தம் மட்டும். வளர்ப்பு அப்பா வளர்ப்பு மட்டும். போதைப் பழக்கம் அம்மாவிடம் இருந்தால் பிள்ளைக்கு அபாயம் எல்லாவற்றையும்விட அதிகம், அடுத்து பெற்ற அப்பா, அதற்கடுத்து வளர்ப்பு அப்பா. மூன்றுமே எண்ணத்தக்க அளவு.

இதில் உங்கள் அண்ணிக்கு எடுக்க வேண்டியது: அண்ணன் கொடுத்த ரத்தத்தை இனி மாற்ற முடியாது. பையன் தினமும் பார்க்கும் வீட்டை மாற்றலாம், அதற்குத் தனிக் கணக்கு உண்டு. விவாகரத்து அபாயம் என்று சொன்னது சுவீடனின் சராசரி. தினமும் சண்டை நடக்கும் வீட்டில் இருப்பதா, அமைதியான அத்தை வீட்டுக்கு வருவதா என்று எந்தப் பதிவேடும் கேட்டதில்லை. ஆய்வை ஓரம் வைத்துவிட்டு என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், வரட்டும். பரீட்சைக்கு முன்னாலேயே வரட்டும். அண்ணனின் சிகிச்சையை இவர்கள் வந்தபிறகு என்று தள்ளாதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

ஸ்டாக்ஹோம்தீபன்

தங்கச்சி, இடம் மாறி வந்தால் அவன் கூட்டாளிகளும் மாறுவார்கள், அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் புதுப் பள்ளிக்கூடம் நடுவில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கோ.

அன்னக்கிளி

பதினொன்றாம் வகுப்பு, ஜூனில்தான் சேர்ப்பார்கள் என்கிறார்கள். அதுவரை சனி ஞாயிறு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.